மகளின் வலது கையும் தொழில்வழிச் சிகிச்சையும்

என் மகளுக்கு மூளை வாதம் இருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்தான். ஒரு வயது நிரம்பும் முன்னரே பிள்ளை எல்லாவற்றையும் இடது கையால் மட்டும் எடுப்பதையும், வலது கை மூடிய விரல்களுடன் மார்போடு ஒட்டியே இருப்பதையும் கண்ட அவர், அந்த வயதில் ஒரு கைக்கு மட்டும் பழக்கம் வருவது வழமையல்ல என்று கூறி வைத்தியரிடம் அனுப்பினார். "இது நம்ம பரம்பரைப் பழக்கம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பால் வலக் கையும் காலும் இறுகியிருக்கின்றன என்பது கண்டியில் உறுதியானது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பெருகாது, ஆனால் பயன்படுத்தாத கையில் தசை குறுகி மூட்டு மடங்கிப்போகும் என்று அங்கேயே விளக்கினார்கள்.

நடைக்கு இயன்மருத்துவமும் (பிசியோதெரபி), கைக்கு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் தொடங்கின. ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும்; துணைக்கு வரும் அத்தைக்கு அன்று பேர் விழாது, அதாவது அன்றைய நாட்கூலி கிடைக்காது. அதனால் அடிக்கடி போக முடியாது என்பதைச் சிகிச்சையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் சிங்களத்தில் பேசுவார்; எனக்கு விளங்காத இடங்களில் என் கையைப் பிடித்தே செய்து காட்டுவார்.

பயிற்சிகளைச் சொல்லித்தருவார் என்று எதிர்பார்த்துப் போன எங்களிடம் அவர் முதலில் கேட்டது, பிள்ளை எதைச் செய்ய ஆசைப்படுகிறாள் என்பதையே. அம்மாயியோடு (தாய்வழிப் பாட்டியோடு) உட்கார்ந்து போஞ்சி ஒடிக்க வேண்டும் என்றாள் மகள். தானே சட்டை போடுவதையும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதையும் நான் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டுக் குறித்துக்கொண்டார்.

முதற்கட்டத்தில் விளையாடும் நேரத்தில் மட்டும் நல்ல கையில் துணி உறை மாட்டி, வலது கையாலேயே கட்டைகளை எடுக்கவும் தள்ளவும் விட்டோம். இதை வீட்டார் தாமாகத் தொடங்கக் கூடாது. பிள்ளை சலித்து அழுதால் எப்படி நிறுத்துவது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதைச் சிகிச்சையாளரே தீர்மானிக்க வேண்டும். கை கொஞ்சம் திறந்த பிறகு இரு கை வேலைகளுக்கு மாறினோம். போஞ்சியின் ஒரு முனையை வலது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அழுத்திப் பிடித்து, இடது கையால் நாரை இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் போஞ்சி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அம்மாயி எடுத்துக் கொடுக்கப் போகும்போதெல்லாம் நான் தடுத்தேன், அவருக்கு அது மிகுந்த மனவருத்தம். முற்றிய தடித்த போஞ்சியில் தொடங்கி, பிடி உறுதியான பின்னர் பிஞ்சுக்கு வந்தோம். இப்போது நறுக்கென்று முறியும் சத்தம் கேட்கும்வரை வலது கை விடுவதில்லை.

சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு பழகியதுமே காலை நேரத்து அழுகை நின்றது. எங்கள் தோட்டத்து ஆசாரியார், பாதம் தரையில் பதியவும் இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கவும் அளவெடுத்து ஒரு கதிரை செய்து தந்தார். உடம்பு சாயாமல் இருந்தால்தான் கை வேலை செய்யும் என்பதை அந்தக் கதிரையில்தான் கண்டேன்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். அது இதமாக இருக்கலாம். ஆனால் பிறர் அசைத்துவிடும் கை, தானாக வேலை கற்றுக்கொள்வதில்லை என்பதே என் உறுதியான கருத்து. 2013இல் அயோனா நோவாக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மீளாய்வும் இலக்கு வைத்த பயிற்சி, நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறை, இரு கைப் பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவற்றையே பரிந்துரைக்கிறது. தொலைவிலிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இவற்றுள் கடைசியாகச் சொன்னது பெரும் ஆறுதல்.

இரவில் அணியும் மணிக்கட்டுத் தாங்கி, கை வளர வளரச் சிறிதாகிவிடுகிறது. தோல் சிவந்திருந்தால் காத்திராமல் மாற்றச் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது பழைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புதிய இலக்குகளை எழுதப்போகிறோம். முதலாம் ஆண்டு வகுப்பில் மேசை உயரம் முழங்கைக்கு ஏற்றதாக இருக்க அதிபருக்கு ஒரு கடிதம் கேட்க நினைத்திருக்கிறேன். மகளோ தன் தலையைத் தானே பின்ன வேண்டும் என்கிறாள்.