மொய் நோட்டில் பதினொரு பேர்

தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி மண்டபத்தில் எங்கள் நாலு பேருக்குக் கொடுத்த வேலை இரண்டுதான். தாம்பூலப் பையில் தேங்காய் போடவேண்டும், மொய் நோட்டில் கோடு போடவேண்டும். பெரிய வேலை எதையும் எங்களை நம்பிக் கொடுக்கமாட்டார்கள் என்பது எங்களுக்கே தெரியும், அதனால் வருத்தமில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் விசேஷம் நடத்தியவர்களுக்கு மொய் நோட்டின் மரியாதை தெரியும். வீட்டுப் பத்திரத்துக்கு அடுத்தபடியாகப் பீரோவில் வைத்துப் பூட்டுவது அதைத்தான். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று இருபது வருஷம் கழித்தும் எடுத்துப் பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும். அப்படிப்பட்ட நோட்டை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எங்கள் கையில் கொடுத்த பெரியப்பாவை என்னவென்று சொல்வது.

நான் ஸ்கேல் வைத்து வரிசை எண், பெயர், ஊர், ரூபாய் என்று கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா தேங்காய் எடுத்துக் கொடுக்க, சித்தப்பா பையில் போட, மச்சான் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் ஒரு வேலை என்றே அவன் நம்புகிறான். எப்படி ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. மாமாதான் "நம்ம ஆளுகளை எவன் இந்தியா கிரிக்கெட் டீம்ல எடுக்குறான்" என்று பெருமூச்சு விட்டிருக்கவேண்டும், ஏனென்றால் முப்பது வருஷமாக எந்தப் பேச்சையும் அவர் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். "எடுத்தாலும் ரெண்டே மேட்ச், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிருவான், பத்ரிநாத்தைப் பாரு" என்றார் சித்தப்பா. முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்தவர், ஆடியது 2 டெஸ்ட். இந்த இடத்தில் எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தோம். தேங்காய் வேலையும் நின்றது.

சரி, தமிழ்நாட்டுக்கு எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேரை நாமே போட்டுவிடுவோம் என்று முடிவானது. எழுதப் பேப்பர் இல்லை. மொய் நோட்டில் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். பென்சில்தான் கேட்டேன், மச்சான் பேனாவைக் கொடுத்தான்.

முதல் பெயரில் சண்டையே இல்லை. ஸ்ரீகாந்த். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 38 ரன், இரண்டு அணியிலும் சேர்த்து அதுதான் அதிகபட்சம். கூட இறங்க முரளி விஜய். மூன்றாவது டபிள்யூ.வி. ராமன், நாலாவது பத்ரிநாத், அவருக்கு நாங்களாவது ஒரு இடம் கொடுக்கவேண்டாமா. ஐந்தும் ஆறும் மாமாவின் பிடிவாதம். கோபிநாத், 1952இல் சேப்பாக்கத்தில் இந்தியா முதல்முதலாக டெஸ்ட் ஜெயித்தபோது அணியில் இருந்தவர். கிருபால் சிங், முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். "இவங்க ஆடினப்ப நீங்களே பொறக்கல மாமா" என்றான் மச்சான். "கரிகாலன் இருந்தப்பவும்தான் நான் பொறக்கல, கல்லணை இல்லைங்கிறியா?" என்றார். எழுதினேன்.

ருசி கண்டுவிட்ட மாமா அடுத்ததாக எம்.ஜே. கோபாலனைக் கொண்டுவந்தார். உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை 1934இல் சேப்பாக்கத்தில் வீசியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடுவதா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா என்று வந்தபோது கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி, அங்கே ஒரு டெஸ்டில்கூட இறக்கப்படாமல் திரும்பி வந்தார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. "செலக்‌ஷன் கொடுமைங்கிறது அப்பவே இருந்திருக்கு" என்று சித்தப்பா கண்கலங்கினார், ஆனால் அணியில் இடம் தரவில்லை.

கீப்பர் தினேஷ் கார்த்திக். அஸ்வின், வெங்கட்ராகவன் இருவரும் ஒரே குரலில் தேர்வானார்கள். யார் கேப்டன் என்பதில் இருபது நிமிஷம் போனது. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் கேப்டன் வெங்கட் என்றார் மாமா. 79இல் அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றோமே என்றான் மச்சான். மாமா பதில் சொல்லாமல் ஒரு தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அடுத்த சுழலுக்கு நான் சிவராமகிருஷ்ணனைச் சொன்னேன், 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட். மாமா வி.வி. குமாரைச் சொன்னார், முதல் டெஸ்டிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்து, அதற்கடுத்து இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்து உட்காரவைக்கப்பட்டவர். இரண்டு பேரும் லெக் ஸ்பின், ஒருவருக்குத்தான் இடம். வயதில் மூத்தவர் என்று மாமா ஜெயித்தார், எனக்கு இன்றுவரை அதில் உடன்பாடு இல்லை.

இந்த நேரத்தில் டீ வேண்டுமா என்று கேட்க வந்த சமையல் மாஸ்டர், எட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு "ராபின் சிங் எங்கண்ணே?" என்றார். 1 டெஸ்ட்தானே ஆடினார் என்றான் மச்சான். 136 ஒருநாள் ஆட்டம் ஆடினவர், 87-88இல் ரஞ்சிக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தவர், நாம் ஜெயித்ததே மொத்தம் இரண்டு தடவைதான், அவர் இல்லாமல் என்ன அணி என்று மாஸ்டர் கரண்டியை ஆட்டிக் கேட்டார். பிறந்தது டிரினிடாட், ஊர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் எங்கள் வரிசைக்கு மட்டும் இரண்டாவது வடை வரவில்லை. தற்செயல் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

பதினோராவது இடம்தான் வம்பு. சித்தப்பாவுக்கு பாலாஜி. 2004இல் பாகிஸ்தானுக்குப் போய் சிரித்துக்கொண்டே விக்கெட் எடுத்தவர், ராவல்பிண்டியில் முதல் இன்னிங்ஸிலேயே நாலு. எனக்கு நடராஜன். வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆள், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். "ஒரு டெஸ்டுக்காரனை எடுப்பே, ராபின் சிங்கை எடுக்கமாட்டே" என்று சித்தப்பா மாஸ்டர் பக்கம் சாய்ந்தார், அதுவரை ராபின் சிங்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முதலில் பாலாஜி என்று எழுதினேன், ஓட்டெடுப்பில் மூன்றுக்கு ஒன்று என்று வந்ததும் மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே நடராஜன் என்று எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஊர், ரூபாய் என்று இரண்டு கட்டம் சும்மா கிடப்பது மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஊரை எழுதச் சொன்னான், ரூபாய்க் கட்டத்தில் அவரவர் ஆடிய டெஸ்ட் எண்ணிக்கையை செல்போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நானும் அழகாக எழுதினேன். அப்புறம் நோட்டை மூடிவைத்துவிட்டுத் தூங்கிப்போனோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாம்பூலப் பையில் சிலருக்கு இரண்டு தேங்காயும் சிலருக்கு வெறும் வெற்றிலையும் கிடைத்ததை விட்டுவிடுவோம்.

ராத்திரி வீட்டில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். பெரியப்பா வாசிக்க, அப்பா கால்குலேட்டரைத் தட்ட, அப்பத்தா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டே ஒவ்வொரு பெயருக்கும் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தது. நான் மாடியில் தூங்கியவன், சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். நோட்டுக் கணக்கைவிடப் பணம் 339 ரூபாய் குறைகிறது. மூன்று தடவை எண்ணியாகிவிட்டது. பணப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் மச்சானின் தம்பி, பத்தாம் வகுப்பு. சாயங்காலம் அவன் சேக்காளிகளோடு புரோட்டாக் கடையில் இருந்ததைப் பார்த்தவர் ஒருவர், அதைச் சொல்லியும்விட்டார். பையன் மூலையில் நின்று, தான் தின்றது இரண்டே புரோட்டா, அதுவும் சொந்தக் காசு என்று அழுகிற நிலைமையில் இருந்தான்.

"திருப்பி முதல்ல இருந்து வாசிங்க" என்றார் அப்பா. பெரியப்பா பக்கம் பக்கமாக வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சென்னை, ஸ்ரீகாந்த், நாப்பத்தி மூணு" என்றார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"நாப்பத்தி மூணு யாருய்யா மொய் வைக்கிறது?" என்றார் அப்பா. "சென்னை, முரளி விஜய், அறுபத்தி ஒண்ணு. சென்னை, ராமன், பதினொண்ணு. சென்னை, பத்ரிநாத், ரெண்டு." அப்பத்தா உலக்கையை நிறுத்தியது. "ரெண்டு ரூவாயா? அதுக்கு அவன் வராமலே இருந்திருக்கலாமே." பெரியப்பா நிற்கவில்லை. அஸ்வின் 106 என்று வந்ததும், "அந்தப் பய பரவால்ல, நூத்தியொண்ணுக்கு மேல அஞ்சு சேத்து வச்சிருக்கான்" என்றது அப்பத்தா. அப்புறம் யோசித்துவிட்டு, "ஏப்பா, மெட்ராஸ்ல நமக்கு எப்ப இத்தன சனம் உண்டாச்சு?" என்று கேட்டது. தமிழ்நாட்டு அணித் தேர்வைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

மொய் எழுதியவர்கள் இரண்டு பேர். நடுவில் நிரம்பிய பக்கம் வந்தபோது, மற்றவர் எழுதினது என்று ஒவ்வொருவரும் நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், 331தான் வருகிறது, மிச்சம் எட்டு ரூபாய் எங்கே போனது என்று புரியவில்லை. பையனை மறுபடியும் எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, நான் இழுத்த கோடு அவ்வளவு மெல்லிசு, பெரியப்பா பாலாஜியையும் சேர்த்து வாசித்திருக்கிறார். எட்டு டெஸ்ட்.

திட்டு விழுந்ததை விவரிக்கவேண்டாம். மாமாவும் சித்தப்பாவும் அதற்குள் வாசலுக்குப் போய், வெள்ளைக்கோடு போட்ட வானத்தில் ஏதோ விமானத்தைப் பார்க்கிறவர்கள் மாதிரி நின்றுகொண்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு. பெரியப்பா அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"இரு, கடைசியா ஒருத்தன் ஒத்த ரூவான்னியே, அவன் எந்த ஊரு?" என்றது அப்பத்தா.

"நடராஜன், சின்னப்பம்பட்டி. சேலத்துப் பக்கம் அப்பத்தா. ஆனா அவரு..."

"சேலத்துல இருந்தா? அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து, இருந்த ஒத்த ரூவாய வச்சிட்டுப் போயிருக்கான். அவன் பேர அடிக்காத."

விளக்கிப் பார்த்தோம், முடியவில்லை. கடைசியில் பெரியப்பா பத்து பேரை அடித்தார், பாலாஜி மேல் இன்னொரு அழுத்தமான கோடு போட்டார், நடராஜனை விட்டுவிட்டார். கணக்கு நேராக வரவேண்டும் என்று அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துப் பெட்டியில் போட்டார்.

வாசலிலிருந்து சித்தப்பா உள்ளே வந்தார், கையில் பர்ஸ். "எட்டு ரூபா நான் போடுறேன்" என்றார்.