கூடப்பிறந்தவர்களும் ஒரே பலகைத் துண்டுகளும்

ஆய்வுக்கூடத்தில் என் வேலை அளப்பது, அளந்ததைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. முதலில் மரபுவழி இதயத் துடிப்புக் கோளாறுகளை ஆராயும் குழுவில் இருந்தேன். அப்புறம் வெப்பப் பதனம் செய்த மரத்தை ஆராயும் குழுவுக்கு மாறினேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். துறை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் என்னை விடவில்லை.

இதயக் குழுவில் பெரும்பாலும் நான் பார்த்தது நீண்ட க்யூடி நோய்க்குறி. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். பொட்டாசியம், சோடியம் அயனிகள் போய்வரும் வழிகளில் மரபணுவால் குறை ஏற்பட்டால் அந்தத் திரும்புதல் தாமதமாகும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டு தெரியும். சுமார் 2000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இதன் முக்கியமான மூன்று வகைகளில், முதல் வகைக்காரர்களுக்கு ஆபத்து உடற்பயிற்சியின்போது, அதிலும் குறிப்பாக நீந்தும்போது. இரண்டாம் வகையில் திடீரென்று அலறும் அலாரம் போதும். மூன்றாம் வகையில் ஓய்விலும் தூக்கத்திலும் வரும். அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பிள்ளை மயங்கி விழுவதுதான் பல குடும்பங்களில் முதல் அறிகுறி. அந்தக் கோப்புகளைப் பிரிக்கும்போது எனக்கு ஒருநாளும் மனம் பழகவில்லை.

க்யூடியை அளப்பது கேட்க எளிது. அந்த இடைவெளி முடியும் இடம், அதாவது ஈசிஜியில் டி என்று குறிக்கும் அலை எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்வதில்தான் சிரமம். அனுபவசாலிகள் இருவர் ஒரே தாளில் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். துடிப்பு வேகத்துக்கு ஏற்றபடி திருத்தவும் வேண்டும். 1920-ல் பேசெட் கொடுத்த சூத்திரம்தான் இன்னும் அதிகம் புழங்குகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும்போது அது அளவை அதிகமாகக் காட்டிவிடும். இதெல்லாம் சரிசெய்த பிறகும் இன்னொன்று நிற்கிறது: மரபணு மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, ஓய்வில் எடுத்த ஈசிஜி இயல்பாகவே இருக்கும்.

அதனால்தான் குடும்பம் முக்கியமாகிறது. பெற்றோரில் ஒருவருக்கு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் உள்ள அண்ணனையும் இல்லாத தம்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் சராசரி சொல்லாத ஒன்று தெரியும். மற்ற மரபணுக்களில் அவர்கள் நெருக்கம், வளர்ந்த வீடும் ஒன்று. ஆனால் அதே நெருக்கம் கணக்கில் கவனம் கேட்கும். ஒரே குடும்பத்தில் பத்துப் பேரை அளந்துவிட்டு, தொடர்பில்லாத பத்துப் பேரை அளந்தது போலக் கணக்குப் போட முடியாது. அப்படிப் போட்டால், இல்லாத உறுதி இருப்பதாகத் தோன்றும்.

மரக்குழுவில் முதல் வாரத்திலேயே இதே பேச்சு காதில் விழுந்தது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மரத்தைச் சுமார் 185 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். தீப்பிடிக்காமல் இருக்க, ஆக்சிஜனை விலக்கி நீராவியால் அறையை நிரப்புவது வழக்கம். மரத்தின் செல் சுவரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் முதலில் சிதையும், அசிட்டிக் அமிலம் வெளியேறும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் இடங்கள் குறையும். மரம் ஈரத்தில் உப்புவதும் காயும்போது சுருங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும், பூஞ்சைக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் ஸ்டாம் என்ற மர ஆராய்ச்சியாளர் 1940-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். 1990-களில் பின்லாந்தின் விடிடி ஆய்வு மையத்தில் நடந்த வேலைதான் இதைப் பெரிய அளவில் தொழிலாக்கியது. இதற்கு விலையும் உண்டு: மரம் நொறுங்கும் தன்மைக்குப் போகும், வளைவு வலிமை குறையும். பாரம் தாங்கும் உத்தரத்துக்கு இதைப் போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

வலிமை எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, ஒரு பைன் மரத்துக்கும் இன்னொரு பைன் மரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடே குறுக்கே நிற்கும். ஆகவே ஒரே பலகையை அறுத்து, ஒரு துண்டைச் சூடாக்கி, அடுத்த துண்டை அப்படியே வைப்பார்கள். அதோடு முடியவில்லை. 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் இரண்டையும் சேர்த்து வைத்தாலும், சூடாக்கிய துண்டு பிடித்துக்கொள்ளும் ஈரம் மற்றதில் பாதியளவுதான் இருக்கும். உலர்ந்த மரம் எதுவானாலும் விறைப்பாகத்தான் இருக்கும். எனவே ஈரத்தின் அளவையும் எழுதிவைக்காமல் விறைப்பைப் பற்றிப் பேசினால், வெப்பம் செய்தது எது, வறட்சி செய்தது எது என்று பிரிக்க வழியில்லை.

மரத்துண்டை முறியும்வரை வளைத்துப் பார்க்கலாம். மனிதரிடம் அது முடியாது. ஒரு பெண்ணை மருத்துவரின் கண்காணிப்பில் ஓட்டப்பொறியில் ஓடவைத்து, ஓடி முடித்து வேகம் தணியும்போதும், துடிப்புக்கு ஏற்பத் திருத்திய க்யூடி நீண்டே இருப்பதைப் பார்த்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுத்துத் தொடர்ந்து கவனிப்பதற்கு அதுவே போதும்.

ஒரே மாற்றம் உள்ள உடன்பிறந்தவர்களில் ஒருவர் சிறு வயதில் மயங்கி விழுகிறார், இன்னொருவர் எழுபது வயதுவரை எதுவுமில்லாமல் வாழ்கிறார். என்ஓஎஸ்1ஏபி என்ற வேறொரு மரபணுவின் வேறுபாடுகளும் இதில் பங்குபெறுகின்றன என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் அது கொஞ்சத்தைத்தான் விளக்குகிறது. இரண்டு குழுக்களிலும் நான் பிடிவாதமாகக் கேட்ட ஒரே விஷயம், ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அது எந்தக் குடும்பம், எந்தப் பலகை என்ற எண் இருக்க வேண்டும் என்பதுதான். இதயக் குழுவில் அந்த எண்ணுக்கான கட்டம் பலமுறை காலியாகவே வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி அனுப்பினேன்.