அறிக்கையில் இருந்த மூன்று

நான் பேத்தாலஜி துறையில் பணிபுரிபவள். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அரிது, அவருடைய மார்பிலிருந்து ஊசிவழி எடுக்கப்பட்டு ஃபார்மலினில் மிதந்து வரும் மெல்லிய திசுத் துணுக்குகளைத்தான் பார்க்கிறேன். அதனால்தானோ என்னவோ, எங்கள் அறிக்கை வெளியே எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைப் பல ஆண்டுகள் யோசித்ததே இல்லை.

ஒரு பிற்பகல், அறிக்கை வழங்கும் சாளரத்தருகே மார்பகப் புற்றுநோய் அறிக்கையோடு ஒரு தாயும் மகனும் நின்றிருந்தார்கள். "மேடம், அம்மாவுக்கு மூணாவது ஸ்டேஜ்னு போட்டிருக்கே, இனி ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்ட மகன், 'கிரேடு 3' என்ற இடத்தில் பேனாவால் கோடிட்டிருந்தார். அறிக்கையில் கையெழுத்திட்டவள் நான்தான்.

கிரேடு போட, புற்றுசெல்கள் எந்த அளவுக்குக் குழல்களாக அமைந்திருக்கின்றன, அவற்றின் உட்கருக்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறோம். 5 வரை வந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. இது செல்லின் குணத்தைச் சொல்வது. ஸ்டேஜ் என்பதோ கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டிகள், பிற உறுப்புகளுக்குப் பரவல் ஆகியவற்றைப் பொறுத்தது. கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலேயே கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

அடுத்த கவலை 'ஈஆர் பாசிட்டிவ்', அதாவது புற்றுசெல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம் இருக்கிறது என்பது. கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றாலே கெட்ட செய்தி என்று மனத்தில் பதிந்துவிட்டது. இங்கே அது ஹார்மோன் மாத்திரைகள் பலன் தர வாய்ப்புண்டு என்ற நல்ல செய்தி. செல்களை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதத்தின் சோதனை மட்டும் 2+ என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்ததால், ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்யாமல் உறுதி சொல்ல முடியாது என்றேன். இவற்றையெல்லாம் விளக்க வேண்டியவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர்தான். ஆனால் அறிக்கை அவரைச் சென்றடையும் முன்பே நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது.

அதுவரை பேசாதிருந்த தாய், "அப்ப என் ஸ்டேஜ் இதுல எங்க இருக்கு, டாக்டரம்மா?" என்றார்.

"இதுல இல்லைம்மா. ஸ்கேனெல்லாம் பாத்துட்டுச் சர்ஜன்தான் சொல்லணும்."

"அதை எழுதிக் குடுங்க. வீட்ல கேப்பாங்க."

அறிக்கையில் கைப்பட எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. வேறொரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.