கொடிமலையில ஒரு மரத்துக்குப் பேர் தேடி

மார்ச் 9, 2024, சனி

விடியக்காலையிலயே பினாங்கு கொடிமலைக்கு, தாவரப் பூங்கா பக்கம் ஜீப் ரோட்டுல ஏற ஆரம்பிச்சோம், நானும் மாமாவும். உச்சி 833 மீட்டர்தான், ஆனா பாதி தாண்டினதுமே காத்து சில்லுனு மாறிடுது, மரங்களும் மாறுது. ஒரு வளைவுல நிமிர்ந்து நின்ன மரத்தடியில விழுந்து கிடந்த இலையை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன், நடு நரம்பே இல்ல, காம்புலேருந்து நுனி வரைக்கும் மெல்லிசா கோடு கோடா ஓடுது! பிசின் வடியுற டாமார் மின்யாக் மரம்னு உடனே நோட்டுல எழுதிட்டேன். மாமா "அடிமரத்தைப் பாத்தியாம்மா?"னு மட்டும் கேட்டார்.

மார்ச் 10, ஞாயிறு

அந்தக் கேள்வி தூங்க விடல. டாமார் மின்யாக்னா பட்டை சில்லு சில்லா உரிஞ்சு குழி குழியா இருக்கணும், அடிபட்ட இடத்துல பிசின் வடிஞ்சு வெள்ளையா இறுகியிருக்கணும். மலாய்ல டாமார்னாலே பிசின்தான், நம்ம குங்கிலியம் மாதிரி. நான் எடுத்த போட்டோ எல்லாமே இலை.

மார்ச் 16, சனி

மழை, அட்டை, வழுக்கல், ஆனாலும் போனோம். அடிமரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தாச்சு, பிசின் ஒரு சொட்டு இல்ல. டாமார் மின்யாக்கோட உருண்டைக் காய் முத்தினா மரத்துலயே உடைஞ்சு செதில் செதிலா கொட்டும், கீழ சருகைக் கிளறினா அந்தச் செதிலும் ஒண்ணு கூட இல்ல. அப்புறம் மாமா கையில கோலிக்குண்டு மாதிரி ஒரு விதை, அடியில தடிச்ச சதைக் காம்போட. "போடோ கெபால் மூசாங்மா இது." தாவரவியல் பேரு நேஜியா வாலிச்சியானா. ரெண்டுமே ஊசியிலை மர இனம்தான், ஆனாலும் ரெண்டுக்கும் அகல இலை, ரெண்டுலயும் நடு நரம்பு கிடையாது, அதனால இலையை மட்டும் நம்பினா யாரா இருந்தாலும் மாட்டிக்குவாங்க.

2021ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்ச மலை இது, போட்டோ எடுத்துட்டு விதையை இருந்த இடத்துலயே வெச்சோம்.

மார்ச் 17, ஞாயிறு

படிச்சப்ப மனசு நிறைஞ்சு போச்சு. தென்னிந்தியாவுல இயற்கையா வளர்ற ஒரே ஊசியிலை மரம் இந்த நேஜியாதானாம், மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கு. பாட்டி ஊர் அந்த மலையடிவாரம்தான். போன்ல விதை போட்டோவைக் காட்டினேன், ரொம்ப நேரம் கையிலயே வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

நோட்டுல பழைய பேரை அடிச்சுட்டேன். டாமார் மின்யாக்கை இன்னும் பாக்கல. அடுத்த சனிக்கிழமை மாமா வேற பாதையில போலாம்னாரு.