போகாமல் நின்றவர்களின் ஊர்

இந்தியானா மாநிலத்தின் பிளிமத் நகருக்குத் தென்மேற்கே, இருபுறமும் மக்காச்சோளக் கொல்லைகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் கிராமச் சாலையின் ஓரத்தில், உயரமான கல்பீடத்தின் மேல் ஒரு மனிதரின் சிலை நிற்கிறது. தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் சிகாகோவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தபோது, எங்களைத் தவிர யாரும் இல்லை. சிலையாக நிற்பவர் மெனாமினி. பொட்டவாட்டமி என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்தின் தலைவர்களில் ஒருவரான அவரை 1838இல் இந்த மாநிலத்தின் ஆளுநர் அனுப்பிய படைதான் ஊரைவிட்டுத் துரத்தியது. 71 ஆண்டுகள் கழித்து, 1909இல், அதே மாநில அரசின் பணத்தில் அவருக்குச் சிலை எழுந்தது.

1832இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, யெல்லோ ஆற்றை ஒட்டிய 22 சதுர மைல் நிலம் மெனாமினிக்கும் வேறு மூன்று தலைவர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கே ஆண்டுகளில் அந்த நிலத்தையும் ஏக்கர் ஒரு டாலர் விலைக்கு அரசு எழுதி வாங்கிக்கொண்டது. அந்த 1836ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மெனாமினி கையெழுத்திடவில்லை. இரண்டு ஆண்டுக் கெடு முடிந்த பிறகும் அவர் ஊரைக் காலி செய்யாததால், ஜான் டிப்டன் தலைமையில் ஆயுதம் தாங்கிய தொண்டர் படை வந்து, பேச்சுவார்த்தை என்று சொல்லி மக்களைத் தேவாலயத்துக்கு வரவழைத்துச் சுற்றி வளைத்தது. 1838 செப்டம்பர் 4ஆம் தேதி 859 பேர் அங்கிருந்து நடத்திச் செல்லப்பட்டார்கள். மெனாமினியைக் கைதிகளுக்கான வண்டியில் ஏற்றினார்கள்.

கடும் வறட்சி நிலவிய பருவம் அது. ஓடைகள் வற்றியிருந்தன, கிடைத்த நீரும் குடிக்கத் தகுந்ததாக இல்லை. இல்லினாய், மிசௌரி மாநிலங்களைக் கடந்து கன்சாஸின் ஒசவாட்டமி வரை ஏறத்தாழ 660 மைல் தொலைவை இரண்டு மாதத்தில் நடந்து முடிப்பதற்குள் 40க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்களோடு உடன் சென்ற பெஞ்சமின் பெட்டி என்ற இளம் பாதிரியார், திரும்பி வரும் வழியில் செயிண்ட் லூயிஸ் நகரில் உயிர்விட்டார். அந்தப் பாதையை இன்று மரணப் பாதை என்றே அழைக்கிறார்கள். அதில் நடந்தவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் 1988 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கார்களில் அணிவகுத்து அந்த வழி முழுவதையும் கடக்கிறார்கள். சிலைக்கு அப்பால், ஏரிக்கரையில், தேவாலயம் இருந்த இடத்தைக் காட்டும் ஒரு பாறாங்கல் இருக்கிறது. அதன் அருகில் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு வண்டியை வடக்கே திருப்பினோம்.

ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் மிச்சிகன் மாநில எல்லையைத் தாண்டி டொவாஜியாக் என்னும் சிற்றூர் வருகிறது. இங்கே இருப்பவர்களும் பொட்டவாட்டமிகள்தான். ஆனால் இவர்களின் முன்னோர் துரத்தப்படவில்லை. எப்படித் தப்பினார்கள் என்று அறிந்துகொள்ளவே இந்தப் பயணத்தை நான் மேற்கொண்டேன்.

லியோபோல்டு போகேகன் என்ற தலைவரிடம்தான் அதற்கான விடை இருக்கிறது. 1830இல் அவர் டெட்ராய்ட் வரை சென்று, தம் மக்களுக்கு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். அவருடைய சமயப் பற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்தப் பற்றே 1833ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தில் அவருக்கு அரணாகவும் அமைந்தது. மற்றவர்கள் மிசிசிப்பிக்கு மேற்கே போக வேண்டும் என்று விதித்த அதே ஒப்பந்தத்தில், சமயத்தின் காரணமாக இவருடைய மக்கள் மிச்சிகனிலேயே தங்கலாம் என்ற விலக்கை அவர் எழுதி வாங்கினார். வடக்கே ஒடாவா என்னும் மற்றொரு பழங்குடி மக்களின் பகுதிக்குப் போகலாம் என்பதுதான் அந்த விலக்கின் வாசகம். ஆனால் அங்கே இவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. எனவே ஒப்பந்தப் பணத்தைக் கொண்டு சில்வர் கிரீக் பகுதியில் சுமார் 870 ஏக்கரை, மற்ற குடியேறிகள் வாங்கியதைப் போலவே, விலை கொடுத்துப் பத்திரம் பதிந்து வாங்கினார். தம் முன்னோர் வாழ்ந்த மண்ணையே காசு கொடுத்து வாங்க நேர்ந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆயினும் அந்தப் பத்திரம்தான் அவர்களைக் காத்தது. 1840இல் ஜெனரல் ஹியூ பிரேடி இவர்களையும் வெளியேற்ற முனைந்தபோது, போகேகன் மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி எபஃப்ரோடிடஸ் ரான்சமிடம் சென்று சட்டக் கருத்தைக் கேட்டார். சொந்த நிலத்தில் வாழும் இவர்களை அப்புறப்படுத்த முடியாது என்று ரான்சம் எழுதிக் கொடுத்தார், படை பின்வாங்கியது. மறு ஆண்டே போகேகன் காலமானார். சில்வர் கிரீக்கில் அவர் தொடங்கிய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்ததால் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். பழைய கற்கள் பலவற்றில் எழுத்து தேய்ந்து போயிருந்தது.

அப்படி நின்றுவிட்டதற்கும் ஒரு விலை இருந்தது. மேற்கே போனவர்களுக்கு ஒதுக்கீட்டு நிலமும், அதை மேற்பார்க்கும் அரசு அலுவலரும், அதனால் அரசுப் பதிவேட்டில் ஓர் இடமும் இருந்தன. இங்கே தங்கியவர்கள், தனித்தனி வீடுகளில் குடியிருக்கும் விவசாயிகளாகவும் கூலிகளாகவும் மட்டுமே அரசின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிகள் தம் அரசுகளைப் புதுப்பித்துக்கொள்ள வழி திறந்தபோது இவர்களும் விண்ணப்பித்தார்கள். மிச்சிகனின் தென்பகுதிக் குழுக்களுக்குச் செலவிடப் பணமில்லை என்ற காரணத்தைக் காட்டி அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கடந்து, 1994 செப்டம்பர் 21ஆம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்டபோதுதான் போகேகன் குழுவினரின் அரசுரிமை மறுபடியும் ஏற்கப்பட்டது.

அன்று பிற்பகல் ராட்ஜர்ஸ் ஏரிக்கரையில் நடக்கும் அவர்களுடைய ஆண்டுக் கூடுகைக்குப் போனோம். ஹக்கிள்பெரி பறிப்பு முடிந்தது என்பது அதன் பெயரின் பொருள். பறிப்புக் காலத்தின் இறுதியில் மக்கள் கூடிய வழக்கம் இன்று தொழிலாளர் தின விடுமுறையில் வந்து நிற்கிறது. கழுகு இறகுகள் கட்டிய கோல் முன்னே வர, கொடிகளும் முன்னாள் படைவீரர்களும் பின்தொடர, வட்டத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். படம் எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பாளர் சொன்ன இடங்களில் கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டோம். பெண்களின் ஆடையில் வரிசை வரிசையாகத் தைத்த உலோகக் குழல்கள் அவர்கள் அடியெடுத்து வைக்கும்தோறும் மழை பெய்வதைப் போல ஒலித்தன.

மர நிழலில் ஒரு மூதாட்டி கூடை முடைந்துகொண்டிருந்தார். கருஞ்சாம்பல் மரம் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்ளும் பிளாக் ஆஷ் மரத்தின் அடித்துண்டைக் கோடரியின் பின்புறத்தால் நெடுக அடித்துக்கொண்டே போனால், ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றும் நாடா நாடாவாகக் கழன்று வருகின்றன. கையில் ஒரு நாடாவைக் கொடுத்து, “இது மரத்தின் ஒரு வருஷம்” என்றார். ஒரு பக்கம் பட்டுப் போல வழவழப்பு; மறுபக்கம் சொரசொரப்பு. ஆசியாவிலிருந்து வந்து, 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட பச்சை நிற வண்டு இந்த மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் நீரில் அமிழ்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் அந்த வண்டின் புழுக்கள் செத்துவிடும், மரமும் நாடாவாகப் பிரியும் தன்மையை இழக்காது என்று அவர் விளக்கினார்.

அங்கீகாரம் கிடைத்த பிறகு என்ன மாறியது என்று அவரிடம் கேட்டேன். தாம் பேச வேண்டிய முதல் விஷயம் அதுவல்ல என்பது போலத் தலையை அசைத்துவிட்டுச் சொன்னார்: “அதற்கு முன்னாலும் எங்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள் தம்பி. என் பாட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கூட்டம் நடக்கும்.” பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவர்களின் செயற்குழு ஒப்பந்தத் தொகைக்காக வழக்காடியிருக்கிறது, அந்தப் பாக்கி தொடர்பான வழக்கு 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நிலமோ அலுவலகமோ இல்லாத நாள்களிலும் இவர்கள் ஓர் அரசாகவே நடந்துகொண்டார்கள். 1994இல் வாஷிங்டன் எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை; இருந்ததைத் தாமதமாகக் கண்டுகொண்டது என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய ஆட்சி 2005இல் ஏற்ற அரசியலமைப்பின்படி நடக்கிறது. தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் ஆகியோர் கொண்ட மன்றத்தைக் குடிமக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூத்தோரின் சார்பாளருக்கு அதில் தனி இடம் உண்டு. டொவாஜியாக்கில் தலைமை அலுவலகம், மருத்துவ நிலையம், வீட்டுத் திட்டம், காவல் துறை, நீதிமன்றம் எல்லாம் இயங்குகின்றன. வழக்காடுவதற்குப் பதிலாக இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் மரபுவழியும் அந்த நீதிமன்றத்தோடு இணைந்திருக்கிறது. அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு: பழங்குடி அல்லாதவர்களைக் குற்ற வழக்கில் பழங்குடி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, குடும்ப வன்முறை போன்ற சிலவற்றில் மட்டும் நாடாளுமன்றம் பின்னர் அதைத் தளர்த்தியது.

வருவாயில் பெரும்பங்கு கேசினோக்களிலிருந்து வருகிறது. நியூ பஃபலோவில் முதல் கேசினோ 2007 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சூதாட்டப் பணம் என்று முகம் சுளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சொந்த மக்களிடம் வரி வாங்கப் போதிய நிலமும் தொழிலும் இல்லாத ஓர் அரசு, மருத்துவரின் சம்பளத்துக்கும் மொழி வகுப்புக்கும் வேறு எங்கே போகும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் நிலமும் திரும்பி வருகிறது. வாங்கிய நிலத்தைக் கூட்டரசு அவர்களுக்காகப் பொறுப்பேற்று வைத்துக்கொண்டால்தான் அது அவர்களின் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணாகும். மெனாமினியை வெளியேற்றிய இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் 166 ஏக்கர் அவ்வாறு 2016இல் சேர்ந்தது.

மறுநாள் மாலை சிகாகோ திரும்பியதும் வழக்கம்போல ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். நான் நடக்கும் அந்தக் கரையின் பெரும்பகுதி, மண்ணைக் கொட்டி ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது. ஒப்பந்தத்தில் நாங்கள் கொடுத்தது ஏரியின் கரை வரைதான், அதற்கு அப்பால் உருவான நிலம் எங்களுடையது என்று போகேகன் குழுவினர் சிகாகோ நகரத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு ஏதேனும் உரிமை இருந்திருந்தாலும், இடத்தைவிட்டுச் சென்றதால் அது எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது என்று 1917இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நூறு மைலுக்குச் சற்று அப்பால், முந்தைய நாள் நான் கேட்ட முரசின் சத்தம் காதில் இருந்துகொண்டே இருந்தது. அந்த மூதாட்டி கொடுத்த நாடா சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து வழவழப்பான பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வீடு வரை நடந்தேன்.