அண்ணை றைற்: ஒரு ஆள், ஒரு முழு பஸ்

வருமான வரிக் கந்தோரில் வேலை என்றால் ஊரில் யாரும் கிட்ட வந்து பகிடி விடமாட்டார்கள். கே. எஸ். பாலச்சந்திரனுக்கு அந்த வேலைதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி மதிப்பாளர். கந்தோர் முடிந்த பிறகு மேடை, வானொலி நாடகம், சினிமா என்று அலைந்திருக்கிறார். நானும் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்தான். ஐந்து மணிக்கு மேல் எனக்குச் சிரிக்கவே தெம்பு இருக்காது, மற்றவரைச் சிரிக்க வைப்பது எங்கே!

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருக்கிற கரவெட்டியில் 1944-ல் பிறந்தவர், கனடாவுக்குப் போய் 2014-ல் அங்கேயே காலமானார். இடையில் செய்தவை ஏராளம். ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் குறைவு. "அண்ணை றைற் ஆள்" என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும்.

கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டரின் தனிநடிப்பு. மேடையில் பஸ் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. டிரைவரைப் பார்த்து "அண்ணை, றைற்!" என்று கத்தினால் பஸ் வெளிக்கிட்டுவிடும். ஏறுகிற கிழவியையும் இறங்க மறந்த வாத்தியாரையும் நாங்களே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அவரை மேடையில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பெரியப்பா செய்து காட்டிய பாலச்சந்திரனை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் சொந்தக்காரர் கூடினால், சாப்பாடு முடிந்த கையோடு யாராவது அவரைக் கிண்டிவிடுவார்கள். பெரியப்பா எழும்பி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி இல்லாத கம்பியைப் பிடிப்பார். வலது கையிடுக்கில் இல்லாத தோல்பை. காலை அகட்டி வைத்துக்கொண்டு, பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி மெல்லச் சரிவார். சோபாவில் இருக்கிற மாமிமாரும் கூடவே சரிவார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வீடு முழுக்கச் சிரிப்பு. கசெட்டில் கேட்டதை அவர் பாதி மறந்து, மீதியைத் தானே இட்டுக்கட்டினார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் கொண்டக்டர்? என் எண்ணம் இது. ஊர் பஸ்ஸில் அவர்தான் அந்த ஒரு மணி நேரத்து ராசா. யார் எங்கே ஏறுகிறார், யாரிடம் சில்லறை இல்லை, எந்தப் பெடியன் எந்தப் பள்ளிக்கூட வாசலில் இறங்க நிற்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஒரு வாயைப் பிடித்தால் ஊர் முழுவதும் தானாக வந்து ஏறிவிடும். நான் தினமும் போகிற 100ஆம் இலக்க பஸ்ஸிலும் அந்த ராசா இருக்கிறார். "பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன" என்று சிங்களத்தில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, மிச்சக் காசை மட்டும் பம்பலப்பிட்டி தாண்டும் வரை தரமாட்டார்.

அந்தக் காலத்தில் பகிடி என்றாலே எங்கள் ஆட்களுக்குச் சென்னைப் படத்துப் பேச்சுத்தான். அதற்குள் இலங்கை வானொலியில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று ஒரு கூட்டம் ஆளுக்கொரு தமிழோடு வந்து கொழும்பைக் கலக்கியது. அவர்கள் கூட்டாக அடித்த பந்தை பாலச்சந்திரன் தனியே நின்று அடித்தார். அவர் தமிழில் மெருகு எதுவும் பூசவில்லை. வடமராட்சி வீட்டு முற்றத்தில் கதைக்கிற மாதிரியே கதைத்தார்.

பகிடிக்காரர் என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வானொலித் தொடரில் அவர்தான் சோமு. அம்மா இன்றைக்கும் அந்தச் சோமுவை ஒரு சொந்தக்காரப் பையன் மாதிரித்தான் விசாரிப்பார். 1978-ல் வந்த 'வாடைக்காற்று' படத்திலும் நடித்தார். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்று கடலோரத்து மனிதரைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். அதில் பகிடியைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார்.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் வந்தது அக்காவின் மகனால். அவன் இப்போது கஃபேக்களில் ஸ்டாண்ட் அப் செய்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். மைக்கைப் பிடித்ததும் பிள்ளை மயிலாப்பூர்க்காரனாகிவிட்டான். "இன்னாபா", "செம காண்டு" என்று ஒரே அமர்க்களம். சென்னைக்கு அவன் போனதே இல்லை.

"ஏன்டா தம்பி, வீட்டில கதைக்கிற மாதிரிக் கதைச்சா என்ன?"

"அப்பிடிக் கதைச்சா ஆக்களுக்குச் சிரிப்பு வராது சித்தி. யூடியூப்பில இந்தியாக்காரரும் பாக்க வேணும்."

அன்றிரவே அவனுக்கு 'அண்ணை றைற்' அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், "சித்தி, இந்த ஆள் மூச்சு எடுக்கிற இடத்தைக் கவனிச்சனீங்களோ?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். நான் கவனித்திருக்கவில்லை. பெரியப்பாவும் கவனித்திருக்க மாட்டார். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அது கேட்கும் போல.

அடுத்த மேடைக்கு அவன் எங்கள் ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டரைப் பற்றி, எங்கள் வீட்டுத் தமிழிலேயே ஐந்து நிமிடம் எழுதிக்கொண்டு போனான். முன்வரிசையில் இருந்த இரண்டு பெடியள் சிரிக்கவேயில்லையாம். பின்னால் இருந்த ஒரு ஐயா மட்டும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாராம். முடிந்ததும் கிட்ட வந்து, "தம்பி, நீர் வடமராட்சிதானே? பிறகேன் தென்மராட்சி ஆள் மாதிரி இழுக்கிறீர்?" என்று கேட்டாராம். பயல் அந்த ஐயாவையும் எழுதத் தொடங்கிவிட்டான்.