மேற்குப் பார்த்த தேக்குக் கதவு ஏன் உரிகிறது?

மேற்குப் பார்த்த தலைவாசலில் தேக்குக் கதவு மாட்டி, பளபளவென்று மெலமைன் பாலிஷ் அடித்தால், சில கோடைக்குள் அது தோல் தோலாக உரியும். உடனே மரத்தையும் ஆசாரியையும் குறை சொல்வது அநியாயம். மரநார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். நிறமில்லாத வார்னிஷுக்குள் புற ஊதாக் கதிர் புகுந்து அதைச் சிதைக்கிறது. அடியில் மரம் பொடிந்தால் மேலே வார்னிஷ் எதைப் பிடித்து நிற்கும்? உரிந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், பின்புறம் மெல்லிய மரநார் ஒட்டியிருக்கும்.

மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குத்தான். வெயில் படும் கதவுக்கு வெளிப்புறத்துக்கான பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு வாங்குங்கள், அதற்கு அடியில் தேக்கு அல்லது வால்நட் நிற ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு, கொடுங்கள். வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) மட்டும் தடவினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும்.

ஈரம் ஏறும் வழி வேறு. கதவின் அடிவிளிம்புக்குக் கீழே செல்போனை நீட்டி ஒரு படம் எடுங்கள். பெரும்பாலும் பூச்சே இல்லாத வெறும் மரமாகவே இருக்கும். நெடுக்குச் சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மழைச் சாரலையும் வாசல் கழுவும் தண்ணீரையும் அது உறிஞ்சி மேலே இழுக்கும். ஐப்பசியில் கதவு இறுகும், உடனே இழைப்புளி போட்டுச் சீவுவார்கள். சீவிய இடம் மறுபடி பூச்சில்லாமல் நிற்கும், கோடையில் இடைவெளியும் விழும். கதவைக் கீலிலிருந்து கழற்றி அடிவிளிம்புக்கு மூன்று கோட் கொடுப்பதுதான் சரியான வைத்தியம். நிலைக்காலின் அடியையும் விடாதீர்கள். வாசல் தெளித்ததும் அங்கே ஒரு துணியால் துடைத்தாலே ஆயுள் கூடும்.

பழைய பூச்சை 80 நம்பர் உப்புத்தாளால், சாம்பல் நிறம் போய்ப் புது மரம் தெரியும்வரை தேயுங்கள். பிறகு 120, 180, எல்லாம் ரேகை ஓடும் திசையில். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் தின்னர் நனைத்த துணியால் துடைத்த பிறகே பூச்சு. இல்லாவிட்டால் காயாமல் பிசுபிசுக்கும். தேய்த்த மரத்தை நாள்கணக்கில் வெயிலில் போடாதீர்கள், பிடிப்பு குறையும். ஸ்டெயின் காய்ந்ததும் முதல் பி.யூ. கோட்டை டப்பாவில் சொன்ன அளவுக்கு இளக்கி அடியுங்கள், மேலே இன்னும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே 320 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. நேர்வெயிலில் அடித்தால் கொப்புளம் வரும், மேற்குக் கதவுக்குக் காலைவேளையே நல்லது.

வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் கவலையில்லை. மரம் கறுத்து ஈரத்தை இழுத்தால், உரியத் தொடங்கும் முன்பே லேசாகத் தேய்த்து ஒரு கோட் போட்டுவிடுங்கள்.